ஆறாவது தேன்பெட்டி

எங்கள் வெர்மாண்ட் பக்கத்தில், வீட்டில் யார் இறந்தாலும் தேனீக்களிடம் சொல்லியாக வேண்டும். பெட்டியைத் தட்டிப் பெயரைச் சொல்லி, ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிடுவோம்.

1864இல் அப்பா போரில் இறந்துவிட்டதாகப் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. பிறப்பு இறப்பெல்லாம் குறித்துவைக்கும் குடும்ப பைபிளில் அம்மா அதை எழுதினாள். ஐந்து பெட்டிகளிடம் சொன்னாள். ஆறாவதிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த அறுவடைக்கே அப்பா நடந்து வந்து சேர்ந்தார். அவரோடு போருக்குப் போய், அவரைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்ன பக்கத்துப் பண்ணைக்காரர் மட்டும் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. ஆறாவது பெட்டியை அம்மா யாரையும் தொடவிடவில்லை.

இருபத்தேழு வருடம் கழித்து அம்மா இறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாளே அப்பா ஏர் பூட்டினார்.

"இன்னைக்காவது உக்காருங்களேன் மாமா" என்றாள் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த என் மனைவி திர்ஸா.

"மண்ணு துக்கம் பாக்காதும்மா."

அவர் போனதும் அவள் தேனீக்களிடம் போனாள். திரும்பும்போது கையில் பைபிள் இருந்தது.

"கடைசிப் பெட்டியில ஒரு கறுப்புத் துணிகூட இல்லைங்க. எந்தச் சாவையும் சொல்லல போல. இதுல செத்தவங்கன்னு எழுதியிருக்கிற பேரையெல்லாம் அதுகிட்ட வாசிச்சுட்டேன். அசாயேல்னு மாமா பேர்லயே முன்னாடி ஒருத்தர் இருந்திருக்கார்."

நான் வயலுக்குப் போனேன். குதிரைகள் மட்டும் நின்றிருந்தன. சால் பாதியில் நின்றிருந்தது. கலப்பையின் கைப்பிடியில் இன்னும் சூடு இருந்தது.