அளவு சரியில்லாத தோல்

செண்பகம் என்ற அணிலுக்கு முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை விலாவோரம் தோல் தொளதொளவென்று தொங்கும். அவள் அம்மாவுக்கும் கொஞ்சம் இருந்தது. இவளுக்கு அதைவிட அதிகம். ஓடினால் சுள்ளியில் மாட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதே ஆலமரத்தில் குடியிருந்த மலையணில் பெரியப்பாவின் வாயைத்தான் தாங்க முடியவில்லை.

“ஏம்மா, யார் தோலை வாங்கிப் போட்டுக்கிட்டே? அளவே சரியில்லையே!” என்பார். காலையிலும் இதே பேச்சு, சாயங்காலமும் இதே பேச்சு.

“பிறந்ததே இப்படித்தான் பெரியப்பா. கழற்றியா வைக்க முடியும்?” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

ஒரு நாள் அவள் கிளை நுனியில் பழம் தின்றுகொண்டிருந்தபோது பின்னால் ஒரு பாம்பு ஊர்ந்து வந்து வழியை அடைத்தது. வேறு போக்கில்லாமல் குதித்துவிட்டாள். நான்கு கால்களையும் விரித்ததும் தோல் விரிந்து காற்றைப் பிடித்துக்கொண்டது. கீழே விழாமல் காற்றில் சறுக்கிக்கொண்டே போய், ஓடைக்கு அந்தப்பக்கம் நின்ற நாவல் மரத்தின் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டாள். உயிர் மிஞ்சியதே என்று அழுகைகூட வந்தது.

அதற்குள் ஆலமரத்து உச்சியில் பத்திரமாக ஏறிவிட்டிருந்த பெரியப்பா கத்தினார்: “இவ்வளவு தோல் இருந்தும் உச்சிக்குப் போகத் தெரியலையே! அடிமரத்துல போய் மோதறியே!”

செண்பகம் நாவல் மரத்தின் உச்சிக்கு ஏறினாள். அவர் குரல் எட்டாத மரம் எது என்று நிதானமாகத் தேடிப் பார்த்து, அதை நோக்கிக் குதித்தாள்.