சாய்மானம்

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

அவர் எடுக்கவில்லை. கையை உயர்த்தினால் தோள் அசையும். தோள் அசைந்தால் முதுகு அசையும்.

முதுகில் சாய்ந்து மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் செங்கோட்டைக்கு வந்து ஒரு வாரமாகப் போகிறது. பிலாயிலிருந்து ரயிலில் வந்தார்கள். சாமான்கள் லாரியில். லாரிதான் முதலில் புறப்பட்டது. நாம் போய் இறங்கும்போது கட்டில் போட்டுத் தயாராக இருக்கும், நீ நேராகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வாடகை வீட்டின் கதவைத் திறந்தால் வெறும் தரை.

அவள் இருமினாள். வீடு திரும்ப ஒரு முறை இருமியது.

லாரி ஆதிலாபாத் தாண்டி ஆக்சில் முறிந்து நின்றுவிட்டது. பிறகு மழை. பிறகு மெக்கானிக் வரவில்லை. பிறகு ஏதோ சோதனைச் சாவடியில் ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் ஓட்டுநரிடமிருந்து பிடுங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாமக்கல்காரன். ஓயாமல் அழைத்தால் எப்போதாவது எடுப்பான்.

"பொய் சொல்லாதல. இப்ப எங்க நிக்க, அதச் சொல்லு."

வாசலில் நின்று கத்துவார். பிலாய் இரும்பு ஆலையின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். தெரு முழுக்கக் கேட்கும். ஒருநாள் அவனுடைய தாயையும் இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

எதற்காக அப்படிக் கத்துகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று அங்கே மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். நோய் அவள் முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. தரையில் படுக்க முடியாது. எதிர்வீட்டு ஜமீலா ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து போட்டாள். அது நடுவில் குழிந்து அவளை மடக்கியது. சற்று நேரத்திலேயே இறக்கிவிடச் சொன்னாள். சுவரில் சாய்ந்து பார்த்தாள். சுவர் எலும்பில் இடித்தது.

அவளுக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பழைய இலவம்பஞ்சு மெத்தை. அது லாரியில் இருந்தது.

வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்தபடியே விழித்திருந்தாள்.

இன்று மதியம் இரண்டு வாய்க் கஞ்சி குடித்துவிட்டு, "இப்படித் திரும்பி உக்காருங்க. கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன்," என்றாள்.

கூடத்தின் நடுவில் திரும்பி உட்கார்ந்தார். அவள் கன்னத்தை அவருடைய தோள்பட்டைகளுக்கு இடையில் வைத்தாள். எடையே இல்லை. ஒரு துண்டை மடித்து மாட்டியது போலிருந்தது.

மூச்சு மெல்ல நீண்டது.

சட்டையில் ஓரிடம் ஈரமாவதை உணர்ந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. எச்சில் வழிகிறது. நன்றாகத் தூங்கிவிட்டாள்.

கைப்பேசி மறுபடி அதிர்ந்து ஓய்ந்தது.

தெருமுனையில் ஒரு கனத்த வண்டி கியர் மாற்றித் திரும்பியது.

வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. நீளமாக.

அவர் பல்லைக் கடித்தார். அவளுடைய மூச்சு ஒரு கணம் தடுமாறியது. பிறகு தன் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

"ஏனுங்க, இத்தன நாளா போனுல அந்தப் பேச்சுப் பேசுனீங்க. இன்னிக்கு வந்து நிக்கறேன், எடுக்க மாட்டேங்கறீங்க. நானென்ன வேணும்னா மழையில கெடந்..."

ஆதிலாபாத்திலிருந்து சேர்த்துவைத்த கோபத்தோடு ஓட்டுநர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை கிரீஸ்.

தோள் அசையாமல், அவர் ஒரு விரலை மட்டும் உதட்டருகே கொண்டுபோனார்.

அவன் நின்றுவிட்டான். வெறும் வீட்டைப் பார்த்தான். ஜன்னல் மேடையில் இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தான். முடி கொட்டிய தலையை மறைக்க அவள் கட்டியிருந்த துணியைப் பார்த்தான்.

வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். அவருக்கு எதிரே குந்தினான்.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" குரல் காற்றாக வந்தது.

தலையசைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

அவர் பார்வையைத் தரையில் இறக்கினார்.

அவன் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாரம் தாங்க முன்பக்கம் தரையில் ஊன்றியிருந்தார். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

எழுந்து வெளியே போனான்.

கயிற்றை இழுத்து அறுக்கும் சத்தமோ, பின்கதவு விழும் சத்தமோ கேட்கவில்லை. முடிச்சு முடிச்சாக அவிழ்க்கிறான் போலிருந்தது. தார்ப்பாய் சரசரத்தது.

மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

வேண்டாம், இப்போது விரிக்க வேண்டாம், அவளை எழுப்ப வேண்டியிருக்கும் என்று அவர் தவிப்புடன் தலையாட்டினார்.

அவனும் தலையாட்டினான். மெத்தை அவளுக்கில்லை என்பதுபோல.

மண்டியிட்டு, சுருட்டிய மெத்தையை அவருடைய மார்புக்கும் முழங்காலுக்கும் நடுவே மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாகச் செருகினான்.

"நீங்க சாஞ்சுக்குங்க. அம்மா எந்திரிக்கறப்ப எந்திரிக்கட்டும். நான் வெளிய இருக்கறேனுங்க."

கதவைச் சாத்தாமல், ஒருக்களித்துவிட்டுப் போனான்.

அவர் கைகளைத் தரையிலிருந்து எடுத்தார். பாரம் மெத்தைக்கு இறங்கியது. முகத்தை அதில் வைத்தார். ஒரு மூலை மழையில் நனைந்து புழுங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் அவளுடைய வாசம்.

மருத்துவரின் அறையில் வராதது இப்போது வந்தது. வாயைப் பஞ்சில் அழுத்திக்கொண்டார்.

அழுதார். முதுகை மட்டும் அசையவிடாமல்.