ஒரு வரி அதிகம்

ஜாமீன் பத்திரத்தின் கடைசி வரியை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

"மேற்படி எதிரி இசக்கிராஜ் இனிமேல் நோய்த்தொற்று பற்றி எந்தச் செய்தியும் எழுத மாட்டார், வெளியிட மாட்டார் என்றும் உறுதி அளிக்கிறேன்."

கீழே ஜாமீன்தாரர் என்று அவள் பெயர். கையெழுத்துக்குக் கொஞ்சம் காலி இடம்.

வெள்ளிக்கிழமை. மணி நான்கரை. ஐந்துக்குக் கோர்ட் கலைந்துவிடும். சனி, ஞாயிறு முழு ஊரடங்கு.

"கையெழுத்து, மேடம்," என்றார் பெஞ்ச் கிளார்க். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் கடிகாரத்தில் இருந்தன.

இன்னொரு ஜாமீன்தாரர், இசக்கிராஜின் மைத்துனர், படிக்காமலே போட்டுவிட்டு ஓரமாக நின்றார்.

யாரும் படிப்பதில்லை. அவள் படித்தே பழகியவள். பதினான்கு வருடமாகச் சட்டக் கல்லூரியில் குற்றவியல் நடைமுறை நடத்துகிறாள்.

இசக்கிராஜ் உள்ளூர் நாளிதழின் நிருபர். ஒன்பது நாள் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் நின்று பிணங்களை எண்ணினார். அந்த ஒன்பது நாளுக்கு அரசாங்கம் சொன்னது பதினேழு பேர். அவர் எண்ணியது நூற்று நாற்பத்திரண்டு. பெயர்களோடு எழுதினார்.

வதந்தி பரப்பியதாகக் கைது. மறுநாள் நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. அவரை வேலையிலிருந்தும் நீக்கியது.

ஊர் வக்கீல்கள் தயங்கினார்கள். ஜாமீன் மனுவை அவளுடைய மாணவர்கள் எழுதினார்கள். ஆளுக்கொரு ஊரில் அடைந்து கிடந்தபடி, கைப்பேசியிலேயே. பழைய மாணவன் ஒருவன் சென்னையிலிருந்து காணொலியில் வாதாடினான்.

ஜாமீன் கிடைத்தது. மைத்துனரைத் தவிர ஜாமீன் நிற்கத்தான் ஆள் இல்லை.

தானே நிற்பதென்று, அதற்கான சம்பளச் சான்றிதழ் கேட்டுக் கல்லூரி முதல்வரிடம் போனாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார். "கல்லூரி பேரு எங்கயும் வராமப் பாத்துக்குங்கம்மா."

சான்றிதழின் தலையிலேயே கல்லூரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

இருவருமே அதைப் பார்த்தார்கள். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உத்தரவுல இந்த நிபந்தனை இல்லையே," என்றாள் இப்போது கிளார்க்கிடம்.

"எல்லாம் ஒண்ணுதான், மேடம். இப்பப் போட்டீங்கன்னா ஆறு மணிக்குள்ள ஆளு வெளிய வந்துருவாரு. இல்லன்னா திங்கக்கிழமைதான்."

திங்கட்கிழமை.

சிறையில் அவர் இருக்கும் பிளாக்கில் நான்கு பேருக்குக் காய்ச்சல் என்று கேள்வி. இசக்கிராஜுக்குச் சர்க்கரை வேறு.

பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் இசக்கிராஜின் மனைவி முத்துச்செல்வி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் அவருக்கான மாத்திரைப் பை.

அந்த வரியை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டினாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள்.

முத்துச்செல்வி மாத்திரைப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவிய இதப் படிச்சா, சரின்னு சொல்லுவாவளா டீச்சர்?"

"மாட்டார்."

"மூணு நாளு…"

முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப நீங்களும் போடாதீய."

அவள் பத்திரத்தோடு கோர்ட்டுக்குள் திரும்பிப் போனாள்.

"இதுல போட மாட்டேன்."

கிளார்க்கின் குரல் உயர்ந்தது. மேடையில் பாலித்தீன் திரைக்குப் பின்னால் மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கினார். சின்ன வயதுக்காரர். களைத்திருந்தார்.

"என்ன அங்கே?"

அவள் கூண்டருகே போய் நின்றாள். வகுப்பில் ஆயிரம் முறை சொன்ன சட்டம்தான். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயா, அவரை இங்க கொண்டுவந்து நிறுத்துறதுக்குத்தான் நான் ஜாமீன் நிக்கிறேன். அவர் எழுதுறதை நிறுத்துறதுக்கு இல்ல."

பத்திரத்தை உயர்த்திக் காட்டினாள்.

"ஐயா போட்ட உத்தரவுல அந்த வரி கிடையாது. வேணும்னா வாசிக்கிறேன்."

அவர் கையை நீட்டினார். பத்திரம் திரைக்கு அடியில் போனது. தன்னுடைய உத்தரவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். ஒருமுறை கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் சுவரைப் பார்த்தார்.

மணி நாலே முக்கால்.

"ஜாமீன் நிற்கிறவர் இதுக்கெல்லாம் வாக்குக் கொடுக்க முடியாது," என்றார் மாஜிஸ்திரேட், யாரிடம் என்று இல்லாமல்.

பேனாவால் அந்த வரியைக் குறுக்காக அடித்தார். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மைத்துனரின் பத்திரத்தையும் கேட்டு வாங்கினார். அதிலும் அடித்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சிறைவாசலின் சிறு கதவு திறந்தது. இசக்கிராஜ் குனிந்து வெளியே வந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

முத்துச்செல்வி தண்ணீரையும் மாத்திரையையும் நீட்டினாள். விழுங்கிவிட்டுத்தான் அவர் கேட்டார்.

"எனக்காக என்ன எழுதிக் குடுத்தீங்க, மேடம்?"

"கூப்பிட்டா வருவீங்கன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் சட்டைக்குள் கைவிட்டு நாலாய் மடித்த பீடிக்கட்டுத் தாளை எடுத்தார். உள்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. சிறைக்குள் காய்ச்சலில் கிடப்பவர்களின் பெயர்கள், அறை எண்கள். மொத்தம் முப்பத்தொன்று. பரிசோதனை செய்யப்பட்டவர்கள் என்ற இடத்தில் கோடு மட்டும் இருந்தது.

"அவங்க வெளிய சொல்லச் சொன்னாங்க. எனக்கு இப்பப் பத்திரிகையும் இல்ல."

அவள் தாளை மதில்மேல் விரித்து வைத்துப் படம் எடுத்தாள். மாணவர்களின் குழுவுக்கு அனுப்பினாள்.

தெருமுனை திரும்பும் முன்பே கைப்பேசி அதிர்ந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

"இத மனுவா எழுதணுமா மேடம், செய்தியா எழுதணுமா?"

அவள் நடந்துகொண்டே தட்டினாள்.

"ரெண்டும்."