துண்டுக்குள் ஒன்பது

உயிரின் விலை எண்ணூறு ரூபாய். கடைவாய்ப் பல் பிடுங்கும் கூலி என்றுதான் பல் டாக்டர் அதைச் சொன்னார். மாட்டுத் தரகர் ராக்கியப்பன் நானூறுக்குக் கேட்டார். படியவில்லை. கூப்பிடுவார்கள் என்று மெதுவாகப் படியிறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. வாரம் திரும்புவதற்குள் சீழ் கழுத்துக்கு இறங்கி, தாடை பானையாக வீங்கி, நாக்கு மேலேறித் தொண்டையை அடைத்தது.

"கழுத்துல தொளை போட்டாத்தான் மூச்சு. சம்மதமா?" என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா. பேச்சு வராத ராக்கியப்பன், போர்த்தியிருந்த பச்சைத் துணிக்கடியில் அவர் கையைப் பற்றி விரல்களை அழுத்தினார்.

"என்ன பண்றாரு?"

"வெல பேசறாருங்க," என்றாள் மனைவி தெய்வாத்தாள். "சந்தையில துண்டுக்குள்ள விரலைப் புடிச்சுத்தான் பேசுவாரு. நீங்க அறுங்க, பேரம் அப்பறம் பாத்துக்கலாம்."

கத்தி பட்டதும் பச்சைத் துணி பனியாகப் படர்ந்தது. மாடே இல்லாத சந்தை. துணிக்கடியில், முகம் தெரியாத ஒருவரின் குளிர்ந்த கை வந்து, மிச்ச ஆயுள் இவ்வளவு என்று இரண்டு விரல் தந்தது. ராக்கியப்பன் உதறினார், எழுந்து போவதுபோல் பாவனை செய்தார். இந்தக் கை கூப்பிட்டது. ஒன்பதில் முடிந்தது.

கண் விழித்தபோது கழுத்துக் குழாயில் காற்று சீறிப் போய்வந்தது. நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, தெய்வாத்தாளின் கையில் பெருமையாக ஒன்பதை அழுத்தினார்.

"உசுரு ஒம்போதுக்குப் படிஞ்சுதா? ஒம்போது என்னங்க, நாளா, மாசமா, வருசமா?"

ராக்கியப்பனின் சிரிப்பு நின்றது. சந்தையில் நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் தெரியும். விரல் அதைச் சொல்வதில்லை. ஜன்னலில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஒன்பதில் ஒன்று கழிகிறதா இல்லையா என்று தெரியாமல் கணக்கு நின்றது.