கடைத்தெருவில் ஒரு விசாரணை

திருத்தணிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த குழந்தைகள் நல அதிகாரி ஜெபகுமாரி, கடைத்தெருவில் தட்டேந்தி நின்ற சிறுவனையும் அவனோடு சட்டையில்லாமல் நின்ற ஆளையும் மடக்கினாள்.

"ஏன்யா, புள்ளைய பிச்சையெடுக்க விட்டுட்டு கூடவே வேற நிக்கிறே! வெக்கமா இல்ல?"

"அம்மா, அது வந்துங்க..."

"பேசாதே! இவன் ஸ்கூலுக்குப் போறானா?"

"ஆங், தினமும் வரான்மா."

"பொய்! இவன் வாத்தியாரைக் கூப்பிடு, கேட்டுடறேன்."

ஆள் தலையைக் குனிந்துகொண்டார். சிறுவன்தான் பேசினான்.

"இவருதாங்க எங்க துளசிங்கம் வாத்தியாரு. நான் அஞ்சாவதுலயே கோட்டு அடிச்சிகினு இருந்தேனா, 'இவன் பாஸானா ரெண்டு பேரும் பிச்சையெடுத்து மலையேறி மொட்டை போட்டுக்கிறோம்'னு முருகருக்கு வேண்டிகினாரு. நான் பாஸாவேன்னு அவரு நினைக்கவே இல்லீங்க!"