கேப்டனின் பீரங்கி

மேசை விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள், பழங்காலப் போர்க்கப்பலின் மேல்தளம் ஒன்று ஒரு சாண் நீளத்துக்கு உருவாகிக்கொண்டிருக்கிறது. தீக்குச்சிகளை இழைத்துச் செய்த பலகைகள், தையல் நூலில் முறுக்கிய கயிறுகள், வாய் நீட்டி நிற்கும் பித்தளைப் பீரங்கிகள். சுண்டுவிரல் நகத்தளவு பீரங்கி ஒன்றை மட்டும் காணவில்லை. “இங்கே பெருக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! நீ கை வச்சா எது விளங்கியிருக்கு?” என்று கத்தி ஓய்ந்திருக்கிறார், கடலையே பார்த்திராத, ஆனால் தெருவே கேப்டன் என்று கூப்பிடும் அந்த மனிதர். மனைவி மேசைக்கடியில் முட்டி போட்டு டார்ச் அடித்துத் தேடுகிறாள். ஒவ்வொரு முறை நகரும்போதும் மூட்டு வலியில் முனகுகிறாள். நழுவிய கண்ணாடியைத் தூக்கிவிட அவர் கையை மடக்குகிறார். நீல ஸ்வெட்டர் கையின் அடிப்பக்கத்தில், பசையில் ஒட்டிக்கொண்டு, பீரங்கி அவரையே குறி பார்க்கிறது. காது மடல் வரை சுடுகிறது. சத்தமில்லாமல் அதைப் பிய்த்துத் தரையில் நழுவவிடுகிறார்.

“இதோ இருக்குங்க!” மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தவள், பீரங்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். அதன் அடியில் நீல நூல் ஒன்று தொங்குகிறது. அவள் கண் ஒரு கணம் அவருடைய ஸ்வெட்டருக்குப் போய்த் திரும்புகிறது. நூலை நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, பீரங்கியை அதன் இடத்தில் வைக்கிறாள்.

“பெருக்கும்போது நான்தான் தட்டிவிட்டிருப்பேன்” என்கிறாள்.