நெருங்கும் எண்

"ஏனுங்க, நாம நின்ன எடத்துலயேதான நிக்கறோம்? அப்பறம் எப்படிங்க நம்பர் ஏறுது?"

மனைவி நவ்யா கேட்டதும் கிஷன் குனிந்து பார்த்தான். கையிலிருந்த ரிமோட்டின் சின்னத் திரையில் நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து ஆகியிருந்தது.

மேட்டுப்பாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பாக்குத் தோப்பு. சற்று முன்புதான், பக்கத்துத் தரிசில் அவர்கள் பறக்கவிட்ட கிளைடர் இந்த மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. விழுந்துவிட்டதென்று தேடிக்கொண்டு தோப்புக்குள் வந்திருந்தார்கள். மோட்டார் இல்லாமல் காற்றிலேயே மிதக்கிற குட்டி விமானம். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கிஷனே இழைத்துச் செய்தது.

துடியலூர்க் கடையில் அவன் முதலில் எடுத்தது சாதாரண ரிமோட். அது சொல்லும், விமானம் கேட்கும், அவ்வளவுதான். நவ்யாதான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விமானமும் பதில் சொல்கிற இதைத் தேர்ந்தெடுத்தாள். சிக்னல் எவ்வளவு பலமாகக் கிடைக்கிறது என்பதை விமானம் எண்ணாகத் திருப்பி அனுப்பும். நெருங்கினால் எண் ஏறும், விலகினால் இறங்கும். தொலைந்ததைத் தேட அருமையான வழி.

ஆனால் இப்போது அவர்கள் நகரவே இல்லை.

"அப்படின்னா அது நம்மளப் பாத்து வருது," என்றான் கிஷன்.

"கீழ உழுந்தது எப்படிங்க நடந்து வரும்?"

"ஏதோ ஒண்ணு தூக்கிட்டு வருது."

தோட்டக்காரர் சொல்லி அனுப்பியது இருவருக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்தது. "ஒத்தை யானை ரெண்டு நாளா இங்கயேதான் சுத்துதுங்க. சட்டுனு வந்துருங்க." காலடியில் கிடந்த யானை லத்தி இன்னும் ஈரமாக இருந்தது.

அறுபத்திரண்டு.

"உன் பேச்சக் கேட்டு இத வாங்குனேன் பாரு அம்மணி! அந்த ஊமை ரிமோட்டா இருந்தா ஒண்ணும் தெரியாம நிம்மதியாச் செத்திருக்கலாம்."

"இப்ப இந்தப் பேச்சு வேணுங்களா?" நவ்யா அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எண் கொஞ்சம் இறங்கியது. உடனே அறுபத்தாறுக்குத் தாவியது. மறுபடி இறங்கி, எழுபதுக்கு வந்தது.

"வட்டம் போடுதுங்க. நம்மள வளைக்கப் பாக்குது!"

எங்கோ ஒரு பாக்கு மட்டை சடசடவென்று விழுந்தது. கிஷனின் விரல் அணைக்கும் பொத்தானுக்குப் போனது. "இத அணைச்சுப்போட்டு ஓடிரலாம். பிளேன் போனா போச்சாது, உடு!"

"இருங்க! ரிமோட்டுக் குச்சிய ஆட்டுங்க. வால் திரும்பறப்ப கிர்ருனு சத்தம் வரும். யானை மெரண்டு கீழ போட்டுரும்."

அவன் குச்சியை ஒரே பக்கமாகத் தள்ளினான். எண்பத்தொன்று. தோப்புக்குள் எதுவும் அசையவில்லை. ஆனால் மெல்லிய சீழ்க்கை போல ஒரு சத்தம், நேர் மேலேயிருந்து வந்தது.

தோப்புக்குள் வந்த பிறகு முதல் தடவையாக இருவரும் தலையைத் தூக்கினார்கள்.

மட்டைகளின் இடைவெளியில், வெள்ளை இறக்கையைச் சாய்த்து வட்டமடித்துக்கொண்டிருந்தது கிளைடர். அது இன்னும் விழவே இல்லை. தரிசின் சூட்டுக்காற்று தூக்கிவிட்டதை, மலைக்காற்று திருப்பித் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. கிஷன் தரிசுக்கு ஓடி, வேகத்தைக் குறைக்கும் இறக்கைப் பிரேக்கைத் திறந்து, அதைப் புல்லில் இறக்கினான்.